காது மடலில் ஆறாத மரு

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். இரண்டு வருடமாகக் காது மடலில் மரு மாதிரி ஒன்று படர்கிறது. வலி இல்லை, சொறிந்தால் இரத்தம் வருகிறது. எந்த ஓயின்மன்டுக்கும் கேட்கவில்லை. புற்றுநோயாக இருக்குமா, டொக்டர்?

பதில்: அப்பாவை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து அந்த மருவைக் கிட்டப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா? தெரிந்தால், குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் என்ற பங்கசு நோயைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். மண்ணிலும் உக்கிய மரத்திலும் வாழும் கறுப்புப் பங்கசு, முள்ளோ குச்சியோ குத்திய இடத்தால் உள்ளே போய் மெதுவாக வளரும். பெரும்பாலும் காலில்தான் வரும், காதில் அபூர்வம். ஆனால் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகளான மிலாறு சுமக்கிறவருக்குக் காதில் கீறல் படுவது பெரிய விஷயமா? கீறியதை அவரே மறந்திருப்பார்.

புள்ளி தெரியாவிட்டாலும் சும்மா விடாதீர்கள். தோல் காசநோய், மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியாசிஸ், நீங்கள் பயப்படுகிற புற்றுநோய் எல்லாமே இப்படித் தோன்றக்கூடும். கண்ணால் பார்த்து மட்டும் முடிவு சொல்ல முடியாது.

நுவரெலியாவிலோ கண்டியிலோ அரசாங்க ஆஸ்பத்திரி தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். கறுப்புப் புள்ளி உள்ள இடத்தைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் விட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். செப்புக்காசு போலப் பழுப்பு நிற உருண்டைகள் தெரிந்தால் நோய் உறுதி. பயொப்சி, அதாவது பரிசோதனைக்குச் சதைத் துண்டு எடுத்தால், ஒரு துண்டு பதப்படுத்தும் போர்மலினிலும் இன்னொரு துண்டு சேலைன் என்ற உப்பு நீரிலும் போகவேண்டும். போர்மலினில் போட்டதில் பங்கசு வளராது, அப்புறம் திரும்பவும் வெட்டவேண்டி வரும். ஆகவே இதை டொக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். வளர்ப்புப் பரிசோதனைக்குக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பங்கசு ஆய்வுகூடம் இருக்கிறது. முடிவு வர நாலு முதல் ஆறு கிழமை ஆகலாம்.

சிறியதென்றால் வெட்டி எடுக்கலாம். படர்ந்ததென்றால் பங்கசைக் கொல்லும் இட்ராகொனசோல் மாத்திரை, வழக்கமாக நாளுக்கு 200 முதல் 400 மில்லிகிராம். குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடத்துக்கு மேல். திரவ நைதரசனால் உறைய வைப்பதையும் சேர்ப்பார்கள். சாப்பாடு முடிந்த உடனே கப்சியூலை விழுங்கவேண்டும். வயிற்றெரிவு மருந்து அதன் உறிஞ்சலைக் குறைத்துவிடும். இதயம் பலவீனமானவருக்கு இது ஆகாது, கொலஸ்ட்ரோலுக்குச் சிம்வாஸ்டாட்டின் குடிக்கிறவருக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது. இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஈரலுக்கு இடையிடையே இரத்தப் பரிசோதனை உண்டு. மரு காய்ந்து விழுந்ததும் மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரலாம்.

சரி, இன்றைக்குச் செய்யவேண்டியது: பூசிய டியூப் எல்லாவற்றையும் பையில் போட்டு வையுங்கள், டொக்டர் பார்க்கவேண்டும். பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தின் பெயர் எதிலாவது எழுதியிருந்தால் இனிப் பூசவேண்டாம். அது மேலே சிவப்பை மட்டும் அடக்கும், உள்ளே பங்கசு பரவும்.