துணை நிறுவனம் திவால். தாய் நிறுவனத்திடம் பணம் கேட்கலாமா?

கேள்வி: கோவையில் சிறிய ஃபவுண்டரி நடத்துகிறேன். சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவு உண்டு. பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனியின் துணை நிறுவனத்துக்குப் பல வருடமாக பம்ப் காஸ்டிங் (வார்ப்புப் பாகங்கள்) அனுப்பி வந்தேன். பாக்கி 38 லட்சத்து 40 ஆயிரம். நவம்பரில் சப்ளையை நிறுத்தப்போகிறேன் என்றதும், தாய் நிறுவனத்தின் கொள்முதல் தலைவர் "சரக்கை அனுப்புங்கள், இனி வரும் லோடுக்கெல்லாம் எங்கள் குழுமம் பொறுப்பு" என்று மெயில் போட்டார். நம்பி இரண்டு லோடு அனுப்பினேன்; அது மட்டும் 11 லட்சத்து 60 ஆயிரம். துணை நிறுவனம் கொடுத்த 9 லட்ச ரூபாய் செக் ஜனவரி 6 அன்று திரும்பிவிட்டது. வக்கீல் நோட்டீஸை 17-ம் தேதி வாங்கிக்கொண்டார்கள், பதிலே இல்லை. பிப்ரவரி 11 அன்று அந்த நிறுவனத்தின் மேல் திவால் நடவடிக்கை தொடங்கச் சென்னை என்.சி.எல்.டி. (தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம்) உத்தரவிட்டுவிட்டது. தாய் நிறுவனத்தின் மேல் வங்கிகள், கான்ட்ராக்டர்கள், வரித்துறை என்று ஏற்கெனவே ஏகப்பட்ட வழக்குகள். அதில் நானும் சேரலாமா? டிசம்பரில் இரண்டு புது சி.என்.சி. மெஷின்களைத் தாய் நிறுவனத்தின் ஆலைக்கு ஏற்றிப் போனதாக லாரி டிரைவர் சொல்கிறார். அவர்களுடைய அலுமினிய பேட்டர்ன்கள் (வார்ப்பு அச்சு எடுக்க உதவும் மாதிரிகள்) சில என் பட்டறையில் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுப் பணம் எடுத்துக்கொள்ளட்டுமா? போதாக்குறைக்கு அப்பா வாங்கிய தாய் நிறுவனப் பங்குகள் என் டீமேட்டில் இருக்கின்றன. "அடுத்த மாதம் தாய்க் கம்பெனியும் திவாலுக்குப் போகும்" என்று அங்கே அக்கவுண்ட்ஸில் இருக்கும் நண்பர் ரகசியமாகச் சொன்னார். விற்றுவிடலாமா? பெயர் வேண்டாம்.

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும்விட அவசரம். அதனால் அதை மட்டும் அன்றே உங்களுக்குத் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் சொல்கிறேன்.

திவால் மனு ஏற்கப்பட்டதும் தீர்ப்பாயம் ஓர் இடைக்காலத் தீர்வு நிபுணரை நியமிக்கிறது. அவர் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுப்பார்; திவால் வாரியத்தின் இணையதளத்திலும் அது இருக்கும். அவர் நியமிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் கோரிக்கை கொடுக்க வேண்டும். உத்தரவிலேயே நிபுணர் பெயரும் இருந்திருந்தால் உங்களுக்குக் கெடு பிப்ரவரி 25. சரக்கு கொடுத்தவர்களுக்கு 'படிவம் பி'. கட்டணம் கிடையாது, மெயிலில் அனுப்பினால் போதும், வக்கீல்கூடத் தேவையில்லை. இன்வாய்ஸ், இ-வே பில், அவர்கள் சீல் வைத்த டெலிவரி சலான், லெட்ஜர், பேங்க் ஸ்டேட்மென்ட், உதயம் சான்றிதழ் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி இணைத்துவிடுங்கள். சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டப்படி 45 நாளுக்கு மேல் தாமதமான பாக்கிக்கு, ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி உண்டு; அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. பிப்ரவரி 11 வரைக்கும் அதைக் கணக்குப் போட்டுத் தனி வரியாகக் காட்டுங்கள். நிபுணர் அதை ஏற்பாரா என்பது வேறு விஷயம். கேட்காததை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

கெடு தவறினாலும் 90 நாள் வரைக்கும், சில சமயம் அதற்கு மேலும், கொடுக்க விதி இடம் தருகிறது. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். மறுசீரமைப்புத் திட்டம் ஒப்புதல் ஆன பிறகு, அதில் இடம்பெறாத பாக்கி எல்லாம் சட்டப்படி இல்லாமலே போய்விடும் என்று 2021 ஏப்ரலில் கன்ஷியாம் மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதில் எவ்வளவு வரும்? உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கடன் கொடுத்த வங்கிகள்தான் கமிட்டியில் உட்கார்ந்து முடிவெடுப்பார்கள், உங்களுக்கு ஓட்டு கிடையாது. கம்பெனியைக் கலைத்து விற்றால் உங்கள் முறைக்கு என்ன மிஞ்சுமோ, அதற்குக் குறையாமல் தர வேண்டும் என்பதுதான் சட்டம் தரும் உறுதி. நிபுணரின் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானம் வாங்கிய வங்கிகள், மற்ற ஊழியர்களின் சம்பளம், அடமானமில்லாத நிதிக்கடன், அரசு பாக்கி, அப்புறம்தான் உங்களைப் போன்றவர்கள். பல சமயம் அந்த மிச்சம் பூஜ்யம்தான். நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்ட ஜி.எஸ்.டி.யும் திரும்பி வராது. வசூலாகாத பில்லுக்கு வரி கட்டியவனுக்கு எந்த நிவாரணமும் இல்லை என்பது அந்தச் சட்டத்தின் பெரிய அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அதனால்தான் எல்லோருக்கும் கண் தாய் நிறுவனத்தின் மேல் போகிறது. ஒரே லோகோ, ஒரே கேட், பல சமயம் ஒரே முதலாளி. ஆனால் சட்டத்தின் பார்வையில் அவை இரண்டு தனித்தனி ஆட்கள். துணை நிறுவனத்தின் பங்குகள் முழுவதும் தாய் நிறுவனத்திடம் இருந்தாலும், அதன் கடன் அதனுடையதுதான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜேபி விவகாரத்தைப் பாருங்கள். ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் பங்குச்சந்தையில் இருந்த பெரிய கம்பெனி. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ராவுக்கு யமுனா எக்ஸ்பிரஸ்வே போட்ட ஜேபி இன்ஃப்ராடெக் அதன் துணை நிறுவனம். துணை நிறுவனத்தின் மேல் 2017 ஆகஸ்ட் 9 அன்று அலகாபாத் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கையைத் தொடங்கியது. அது கட்டிய குடியிருப்புகளில் வீட்டுக்குப் பணம் கட்டிய ஆயிரக்கணக்கானோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். கோர்ட் உத்தரவுப்படி தாய் நிறுவனம் 750 கோடி ரூபாய் கட்டியது. வீடு வாங்கியவர்களின் வழக்கில் கட்டப்பட்ட பணம், அதனால் துணை நிறுவனத்துக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? அந்த 750 கோடியும் அதன் வட்டியும் தாய் நிறுவனத்தின் சொத்து. இரண்டு கம்பெனிகளுக்கும் இடையிலான கணக்கைச் சரிபார்த்து, துணை நிறுவனத்துக்கு வர வேண்டியது ஏதாவது இருந்தால் அதை மட்டும் எடுக்கலாம் என்றது.

அதே வழக்கு இன்னொரு பக்கமும் வெட்டியது. தாய் நிறுவனம் வாங்கிய கடனுக்காகத் துணை நிறுவனம் தன் நிலத்தை அடமானம் வைத்திருந்தது, 750 ஏக்கருக்கும் மேல். 2020 பிப்ரவரியில் அந்த அடமானங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தாய் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த வங்கிகள், துணை நிறுவனத்தின் கமிட்டியில் உட்காரவும் முடியாது என்றது. ஆக, தனித்தனி ஆள் என்ற விதி உங்களுக்கு எதிராக மட்டும் இல்லை. துணை நிறுவனத்தின் சொத்தைத் தாய் நிறுவனம் சுரண்டிக்கொண்டு போகவும் அது விடாது.

இங்கேதான் அந்த இரண்டு சி.என்.சி. மெஷின்கள் முக்கியமாகின்றன. திவால் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு வருடத்தில், உறவுடைய நிறுவனம் ஒன்றுக்குச் சலுகையாகவோ அடிமாட்டு விலைக்கோ சொத்து கைமாறியிருந்தால், அதைத் திரும்பக் கொண்டுவரத் தீர்வு நிபுணர் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். மோசடி நோக்கத்தோடு நடந்தது என்றால், நடத்தியவர்கள் சொந்தக் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். நிபுணர் ஆடிட் ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பார், லாரி டிரைவரைப் பார்க்க மாட்டார். தேதி, மெஷினின் மாடல், வண்டி நம்பர் தெரிந்தால் அதையும் சேர்த்து, படிவத்தோடு தனிக் கடிதமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அடிமாட்டு விலைக்குக் கைமாறிய சொத்தை நிபுணர் கண்டுகொள்ளாமல் விட்டால், கடன் கொடுத்தவர் என்ற முறையில் நீங்களே தீர்ப்பாயம் போகவும் திவால் சட்டத்தின் பிரிவு 47 வழி வைத்திருக்கிறது.

சரி, உங்கள் மெயிலுக்கு வருகிறேன். கையில் இருப்பதிலேயே மதிப்புள்ள காகிதம் அதுதான். உத்தரவாதம் என்றால் முத்திரைத்தாளில் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 126 வாய்மொழி உத்தரவாதத்தையே ஏற்கிறது. மெயில் எவ்வளவோ மேல். ஆனால் அது எந்தப் பாக்கியைத் தாங்கும் என்பதைப் பாருங்கள். முன்பே அனுப்பி முடித்த சரக்குக்குப் பிற்பாடு ஒருவர் பிரதிபலன் இல்லாமல் "நான் பொறுப்பு" என்றால் செல்லாது. பிரிவு 127-க்குச் சட்டமே கொடுத்திருக்கும் உதாரணம் இது. உங்கள் மெயிலும் இனி வரும் லோடைப் பற்றித்தான் பேசுகிறது. ஆகவே பழைய 26 லட்சத்து 80 ஆயிரத்துக்கு அது உதவாது. அதை நம்பி அனுப்பிய 11 லட்சத்து 60 ஆயிரத்துக்கு நல்ல வாதம் இருக்கிறது.

எதிர்த்தரப்பு இரண்டு விஷயம் சொல்லும். ஒன்று, கொள்முதல் தலைவருக்கு உத்தரவாதம் தர அதிகாரம் இல்லை, போர்டு தீர்மானம் வேண்டும் என்பது. இன்னொன்று, 'குழுமம்' என்று ஒரு சட்ட நபரே கிடையாது என்பது. இதற்குப் பதில் உங்கள் பழைய ஃபைலில் இருக்கலாம். இதே ஆள் முன்பும் இப்படி உறுதி சொல்லி, தாய் நிறுவனத்தின் அக்கவுண்டிலிருந்து பணம் வந்திருக்கிறதா? பர்ச்சேஸ் ஆர்டர் எந்தக் கம்பெனியின் பெயரில், எந்த ஜி.எஸ்.டி. எண்ணில் வந்தது? ஒரே ஓர் ஆர்டராவது தாய் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அந்தப் பில்லுக்கு உத்தரவாதமே தேவையில்லை, அதுவே நேரடிக் கடன்.

திவால் நடவடிக்கை முடியும்வரை வழக்குகளை நிறுத்தி வைக்கும் மொரட்டோரியம் என்கிற தடைக்காலம் துணை நிறுவனத்துக்கு மட்டும்தான். உத்தரவாதம் கொடுத்தவருக்கு அது பொருந்தாது என்று திவால் சட்டத்தின் 2018 திருத்தம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதனால் முழுத் தொகைக்கும் படிவம் பி கொடுத்துவிட்டு, 11 லட்சத்து 60 ஆயிரத்துக்குத் தாய் நிறுவனத்தின் மேல் தனியாகப் போகலாம். ஒரே பாக்கியை இரண்டு முறை வாங்கக்கூடாது, அவ்வளவுதான். வணிக வழக்கு என்பதால், அவசரத் தடையுத்தரவு எதுவும் கேட்காதபோது, முதலில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனுக் கொடுத்தே ஆக வேண்டும். அதைத் தாண்டி நேரே வழக்குப் போட்டால் மனு தள்ளுபடிதான். 2022-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்று சொல்லிவிட்டது.

மற்றவர்களின் வழக்கில் சேர முடியாது. வங்கியின் வழக்கு வங்கியின் ஒப்பந்தத்தின் மேல், வரி வழக்கு வரியின் மேல். அவற்றைப் பார்த்து நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: தாய் நிறுவனமும் சாய்ந்தால் அதற்கும் இதே தடைக்காலம் வந்து, உங்கள் வழக்கு பாதியில் நிற்கும். ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸுக்கு 2024 ஜூன் 3 அன்று அதுதான் நடந்தது. ஆகவே சமரசத்தில் ஆறு, ஏழு லட்சம் ரொக்கமாகக் கிடைத்தாலும் அதை அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள். அவர்களுடைய ஆண்டறிக்கையை இறக்கி, 'தற்செயல் பொறுப்புகள்' (வழக்கில் தோற்றாலோ, கொடுத்த உத்தரவாதம் தலையில் விழுந்தாலோ கட்ட வேண்டியவை) என்ற குறிப்பைப் படித்தால் தெம்பு எவ்வளவு மிச்சம் என்று புரியும்.

செக் விஷயத்தில் நாட்கள் உங்களுக்குச் சாதகம். தடைக்காலத்தில் கம்பெனியின் மேல் செக் வழக்கு நடக்காது; இயக்குநர்கள் மேல் நடக்கும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2021 மோகன்ராஜ் தீர்ப்பு. ஆனால் 2025 மார்ச்சில் வந்த விஷ்ணு மித்தல் தீர்ப்பு ஒரு கோடு போட்டிருக்கிறது: நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்டத் தரப்படும் 15 நாள் முடிவதற்குள் தடைக்காலம் தொடங்கிவிட்டால், இயக்குநர் மேலும் வழக்கு நிற்காது, ஏனென்றால் கம்பெனியின் கஜானா அப்போது அவர் கையில் இல்லை. உங்கள் நோட்டீஸ் கிடைத்தது ஜனவரி 17; கெடு முடிந்தது பிப்ரவரி 1; தடைக்காலம் 11-ம் தேதி. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறீர்கள். மார்ச் 1-க்குள் புகார் தாக்கல் ஆகிவிட வேண்டும். உங்கள் கணக்கு இருக்கும் பேங்க் கிளையின் இடத்தில்தான் வழக்கு, அதாவது அவர்கள் கோவைக்கு வர வேண்டும். கையெழுத்துப் போட்டவரையும், அன்றாட நிர்வாகத்தில் இருந்த இயக்குநர்களையும் மட்டும் சேருங்கள். போர்டில் இருக்கும் எல்லோரையும் சேர்த்தால் ஐகோர்ட்டில் ரத்து மனுக்களுக்குப் பதில் சொல்லியே வருடம் போய்விடும். தாய் நிறுவனத்தை இதில் இழுக்க முடியாது. செக் அவர்களுடையது இல்லை.

பேட்டர்ன்களைத் தொடாதீர்கள். அவை அவர்கள் சொத்து, இப்போது தீர்வு நிபுணரின் பொறுப்பு. எடைக்குப் போட்டால் பணம் வர வேண்டிய நீங்கள் கிரிமினல் புகாரில் குற்றம்சாட்டப்பட்டவர் ஆகிவிடுவீர்கள். பில் பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் உரிமையும் இங்கே பலவீனம். பேட்டர்னை வைத்துத்தான் வேலை செய்தீர்களே தவிர, பேட்டர்னின் மேல் வேலை செய்யவில்லை. போட்டோ எடுத்து, பட்டியல் போட்டு, நிபுணருக்கு எழுதித் தெரிவியுங்கள். ஆலையை ஓட்ட வேண்டிய நிலையில் அவரே உங்களிடம் காஸ்டிங் கேட்கவும் கூடும். அப்படிக் கேட்டால் அவர் கையெழுத்துள்ள ஆர்டர் வாங்கிக்கொண்டு அனுப்பலாம். அந்தப் பணம் திவால் செலவுக் கணக்கில் போகும், எல்லோருக்கும் முந்தி வரும்.

கடைசியாக அப்பாவின் பங்குகள். துணை நிறுவனம் திவாலானதால் அவை செல்லாமல் போகாது. தாய் நிறுவனமே திவாலுக்குப் போனால் பங்குதாரர் வரிசையின் கடைசி, டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் கம்பெனியை 2021-ல் பிரமல் குழுமம் எடுத்தபோது பழைய பங்குகளின் மதிப்பு பூஜ்யம் என்றே முடிந்தது. அதற்காக இப்போது விற்றுவிடாதீர்கள். விற்கலாமா என்று மட்டும் கேட்டிருந்தால் அது உங்கள் விருப்பம் என்றிருப்பேன். ஆனால் வெளியில் வராத, பங்கு விலையைப் பாதிக்கும் தகவல் உங்கள் காதுக்கு வந்துவிட்டது. அது கையில் இருக்கும்போது பங்கை விற்பவர், அந்தக் கம்பெனியில் வேலை செய்யாதவராக இருந்தாலும், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015-ம் ஆண்டு விதிகளில் 'இன்சைடர்'தான் (உள்தகவல் தெரிந்தவர்). குறைந்தபட்ச அபராதமே 10 லட்சம். தகவலைச் சொன்ன நண்பருக்கும் அதே கதிதான். திவால் மனு பற்றிக் கம்பெனி பங்குச்சந்தைக்கு முறைப்படி அறிவித்து, ஊருக்கே தெரிந்த பிறகு விற்றுக்கொள்ளுங்கள். அதுவரை அந்த நண்பர் போன் செய்தால் கம்பெனி விஷயத்தைப் பேச விடாதீர்கள்.