சுரங்கத்தை விரிவாக்கும்போது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சுரங்கத் திட்டங்கள் சுற்றியுள்ள மக்களை எப்படிப் பாதிக்கும் என்று மதிப்பிடுவது என் தொழில். வந்த கேள்விகளில் விரிவாக்கம் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஏற்கெனவே ஓடும் சுரங்கத்தைத்தானே பெரிதாக்குகிறார்கள்? புதிதாகத் தோண்டுவதைவிடப் பாதிப்பு குறைவுதானே?

பதில்: பெரும்பாலும் அப்படி இல்லை. விரிசல் விட்ட சுவர், வற்றிய கிணறு, கிடைக்காத வேலை என்று பழைய பாக்கி எல்லாம் அப்படியே கிடக்கும். நிறுவனம் தரும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையிலோ இன்றைய நிலையையே தொடக்கமாக வைத்து, அதற்கு மேல் எவ்வளவு தூசி, எவ்வளவு அதிர்வு என்று மட்டும் கணக்குப் போடுவார்கள். முன்பே இழந்தது கணக்கிலேயே வராது. பழைய சுரங்கத்தையும் சேர்த்து மொத்தத் தாக்கம் என்ன என்று கேளுங்கள்.

கேள்வி: அரசு அனுமதி கையில் இருந்தால் நிறுவனத்தின் பொறுப்பு முடிந்துவிடுகிறதா?

பதில்: ஜுகான் பள்ளத்தாக்கில் நடந்ததைப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் இரும்புத்தாதுச் சுரங்கத்தை விரிவாக்க, 2020 மே மாதம் ரியோ டின்டோ நிறுவனம் அங்கிருந்த பாறைக் குகைகளை வெடி வைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் புழங்கிய இடம் அது. சட்டப்படியான அனுமதி 2013இலேயே வாங்கியாயிற்று. 4,000 ஆண்டுப் பழைய முடிப்பின்னல் ஒன்று அங்கே கிடைத்ததும், அது இன்று வாழும் பூர்வகுடிகளின் முன்னோருடையது என்று மரபணுச் சோதனை காட்டியதும் அதற்குப் பிறகுதான். புதிய தகவல் வந்தால் அனுமதியை மறுபடி பார்க்க அன்றைய சட்டத்தில் வழி இல்லை. சட்டத்தில் இல்லாத அந்த வழியை நிறுவனம் தானே திறந்திருக்கலாம்.

என் மனம் ஆறாத இடம் இன்னொன்று. நிறுவனத்திடம் நான்கு திட்ட வரைவுகள் இருந்தன. மூன்றில் குகைகள் தப்பியிருக்கும். கூடுதலாகச் சுமார் 80 லட்சம் டன் தாதுவுக்காக நான்காவதைத் தேர்ந்தார்கள். மற்ற மூன்று வழிகள் இருந்ததே தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று அந்தப் பூர்வகுடி மக்கள் நாடாளுமன்ற விசாரணையில் கூறினார்கள். தலைமைச் செயல் அதிகாரி பதவி விலக நேர்ந்தது. போன குகைகள் போனவைதான்.

கேள்வி: பாதிக்கப்படுவோர் பட்டியலில் நில உரிமையாளர்கள் மட்டும் இருந்தால் போதாதா?

பதில்: போதாது. குத்தகைக்கு உழுபவர், ஆடு மேய்ப்பவர், ஓடையின் கீழ்ப்பகுதியில் இருப்பவர், சுரங்கத்திலேயே தூசி தின்னும் ஒப்பந்தத் தொழிலாளி, இவர்களிடம் பத்திரம் இருக்காது. தனியார் திட்டங்களுக்குக் கடன் தரும் உலக வங்கிக் குழும அமைப்பான சர்வதேச நிதிக் கழகம், கடன் வாங்கும் நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் விதிகளில் ஒன்றான ஐந்தாவது செயல்திறன் தரமே, நிலத்தில் சட்ட உரிமை இல்லாதவருக்கும் வீடு போன்ற சொத்துகளுக்கு இழப்பீடும் மறுகுடியமர்வு உதவியும் தர வேண்டும் என்கிறது.

கேள்வி: எங்கள் கிணறு வற்றிவிட்டது. மழை இல்லாததால்தான் என்கிறது கம்பெனி. எப்படி நிரூபிப்பது?

பதில்: குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால், வேலை நடக்க நீரை இறைத்தே ஆக வேண்டும். அப்போது குழியைச் சுற்றி நீர்மட்டம் கூம்பு வடிவில் தாழும். குழி ஆழமாக ஆழமாகக் கூம்பும் அகலும். ஆகவே சுரங்கத்திலிருந்து வெவ்வேறு தூரத்தில், ஒரே மழை பெறும் கிணறுகளை ஒப்பிடுங்கள். மழைக் குறைவுதான் காரணம் என்றால் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இறங்கும். சுரங்கத்துக்கு அருகில் உள்ள கிணறு மட்டும் வேகமாக இறங்கினால் இறைப்பைச் சந்தேகிக்கலாம். பாறை அமைப்பும் விளையாடும் என்பதால் இது முழு நிரூபணம் ஆகாது. ஆனால் தனி ஆய்வு கேட்க வலுவான ஆதாரம். கயிற்றில் கல்லைக் கட்டி வாரம் ஒருமுறை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். விரிவாக்கம் தொடங்கும் முன்னே ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பதிவாகிவிட்டால், நிறுவனத்தின் எண்களோடு வைத்துப் பேச உங்கள் கையிலும் எண்கள் இருக்கும்.

கேள்வி: கழிவு அணையைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும் என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

பதில்: தாதுவைப் பிரித்த பின் மிஞ்சும் சேற்றுக் கழிவைத் தேக்கி வைக்கும் அணை அது. எந்த முறையில் உயர்த்துகிறார்கள் என்று கேளுங்கள். பழைய கழிவின் மேலேயே கரையை ஏற்றிக்கொண்டு போவது மிக ஆபத்தான முறை. பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று உடைந்தது அப்படிப்பட்ட அணைதான். 270 பேர் இறந்தார்கள். அணைக்குக் கீழேயே நிறுவனத்தின் உணவுக்கூடம் இருந்தது. அந்த அணை உறுதியானது என்று சான்றிதழும் இருந்தது.

கேள்வி: வேலை வாய்ப்பு வருமே?

பதில்: கட்டுமான காலத்தில் வரும். பிறகு எத்தனை பேர், நிரந்தரமா ஒப்பந்தமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: நான் சுரங்க நிறுவனத்தில் வேலை செய்கிறேன். நியாயமாக நடக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நன்றி, இதைக் கேட்டதற்கு. முதல் கூட்டத்துக்கு முன் பழைய புகார்ப் பதிவேட்டை எடுத்து, தீர்க்க முடிந்தவற்றைத் தீர்த்துவிடுங்கள். கூட்டத்துக்கு முடிவான வரைபடம் ஒன்றை எடுத்துப் போகாதீர்கள். எல்லா வரைவுகளையும் மேசையில் விரியுங்கள்; விரிவாக்காமலே விட்டால் என்ன ஆகும் என்ற தாளும் அவற்றில் ஒன்றாக இருக்கட்டும்.