மழைத் தண்ணீர் இறங்கும் வேகத்தை வைத்து மண் நலமாக இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் வேகத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில் ஊற்றிய தண்ணீர் உடனே காணாமல் போகும். அதனால் அது வளமான மண் ஆகிவிடாது. உங்கள் புஞ்சையில் பல வருஷமாகக் கலப்பை படாத வரப்போரமோ வேப்பமரத்தடியோ இருக்குமே, அதோடு உழுத இடத்தை ஒப்பிடுங்கள். அந்த வித்தியாசம்தான் முக்கியம்.

உள்விட்டம் 15 செ.மீ. உள்ள பி.வி.சி. குழாயில் 13 செ.மீ. துண்டு வெட்டி, ஒரு விளிம்பை வெளிப்பக்கமாக அரத்தால் சீவுங்கள். நல்ல மழைக்கு மறுநாள், பலகை வைத்துத் தட்டி 7.5 செ.மீ. ஆழம் இறக்குங்கள். குழாயை ஒட்டிய மண்ணை விரலால் அமுக்கிவிட வேண்டும். இடுக்கு இருந்தால் தண்ணீர் அந்த வழியே ஓடி, கணக்கே தப்பாகிவிடும். உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்து 440 மில்லி ஊற்றி, தாளை மெல்ல உருவுங்கள். இது 25 மி.மீ. மழைக்குச் சமம். தண்ணீர் வற்றி மண் பளபளப்பாக மட்டும் தெரியும்போது இன்னொரு 440 மில்லி ஊற்றி நேரம் பாருங்கள். முதல் தண்ணீர் மண்ணை நனைக்கப் போய்விடும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 1500-ஐ நிமிடங்களால் வகுத்தால் மணிக்கு எத்தனை மி.மீ. என்று வரும். ஓரிடத்தில் மண்புழுத் துளை அகப்பட்டாலே எண் எகிறிவிடும், ஆகவே வயலிலும் வரப்போரத்திலும் நான்கைந்து இடங்களில் பாருங்கள்.

உழுத கையோடு பார்க்காதீர்கள், புழுதி எல்லாவற்றையும் விழுங்கும். சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசலில் கோடையில் பார்ப்பதும் வீண். தண்ணீர் வெடிப்புக்குள் போகும், மண் உப்பி வெடிப்பு மூடியதும் அநேகமாக நின்றுவிடும்.

வரப்போரத்தைவிட வயலில் மிக மெதுவாக இறங்கினால், காரணம் எங்கே என்று தேடுங்கள். மேல்மண்ணை ஒரு செ.மீ. சுரண்டிவிட்டு மறுபடி ஊற்றுங்கள். வேகம் கூடினால் மேலே ஓடு கட்டியிருக்கிறது. ராதாபுரம், வள்ளியூர்ச் செவலில் (செம்மண்ணில்) இது சகஜம். வெறும் மண்ணில் மழைத்துளி அடிப்பதால் வருவது, வைக்கோல், இலைதழையால் மண்ணை மூடி மூடாக்குப் போட்டாலே நன்றாகக் குறையும். சுரண்டியும் மாற்றமில்லையா? ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்துக்குள் முட்டி நின்றால், ரோட்டவேட்டரும் கலப்பையும் ஒரே ஆழத்தில் ஓடி இறுக்கிய அடித்தட்டு அது. மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறும் உளிக்கலப்பையைக் கோடையில், மண் காய்ந்திருக்கும்போது ஓட்டுங்கள். ஈரத்தில் ஓட்டினால் தட்டு உடையாது, கோடுதான் விழும்.

காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டும் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் மண்ணில் மக்கிய பொருள் போதவில்லை: வயலில் ஆடு மாடு அடைத்துக் கிடை போடுங்கள், பசுந்தாள் உரப்பயிரான சணப்போ கொளுஞ்சியோ விதைத்துப் பூவெடுக்கையில் மடக்கி உழுங்கள். தண்ணீர் பால்போலக் கலங்கித் தெளியாமல் நின்றால் சோடியம், அதாவது களர். மண் பரிசோதனைப்படி ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும்.

தாமிரபரணி நஞ்சைக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. அங்கே தண்ணீர் நிற்கவேண்டும் என்றுதான் சேறாக உழுது தொளி அடிக்கிறோம்.