அட்டையும் லென்ஸும் கொண்டு முப்பரிமாணப் படம் பார்க்கும் பெட்டி: கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் ஒரே மாதிரியான சிறிய பூதக்கண்ணாடிகள் இரண்டு உள்ளன. பெட்டியை எவ்வளவு நீளத்தில் செய்வது?

பதில்: அதை லென்ஸே சொல்லிவிடும். பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெள்ளைத் தாளை ஒட்டி, லென்ஸை அதன்முன் மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளியே தொலைவில் நிற்கும் மரம் தாளில் தலைகீழாக, இலை விளிம்பு தெரியுமளவு தெளிவாக விழும். அப்போது லென்ஸுக்கும் தாளுக்கும் உள்ள தூரமே குவியத் தூரம். பெட்டியின் நீளமும் அதுவே. 10 முதல் 15 செ.மீ. என்றால் வசதி. லென்ஸ் மையங்களுக்கிடையே சுமார் 6.5 செ.மீ. விடுங்கள். ஒரே காட்சியைச் சற்று இடப்புறமும் சற்று வலப்புறமும் இருந்து எடுத்த இரண்டு படங்களைப் பெட்டியின் மறுமுனையில் பக்கத்தில் பக்கமாக ஒட்டுங்கள். நடுவில் மூக்கிலிருந்து படம் வரை கறுப்பு அட்டைத் தடுப்பு கட்டாயம் வேண்டும். இடக்கண் இடப்படத்தையும் வலக்கண் வலப்படத்தையும் மட்டுமே பார்க்க வேண்டும். வித்தை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

கேள்வி: லென்ஸே இல்லாமல் முடியாதா?

பதில்: தாராளமாக முடியும். 1838-இல் ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிய இவ்வகையின் முதல் கருவியில் இருந்தவை முகம் பார்க்கும் கண்ணாடிகள்தான். உங்களுக்கு ஒரே கண்ணாடி போதும். வலப்படத்தை மட்டும் இடவலம் மாற்றி அச்சிட்டு, இரண்டையும் ஒட்டினாற்போல் வையுங்கள். நடுக்கோட்டில் கண்ணாடியை வலப்பக்கம் பார்த்தபடி செங்குத்தாக நிறுத்தி, அதன் விளிம்பை மூக்கருகே வைத்துப் பாருங்கள். படம் எவ்வளவு பெரிதானாலும் சரி. எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

கேள்வி: ஒரே கேமராவில் இரண்டு படங்களை எப்படி எடுப்பது?

பதில்: அசையாத பொருளாகத் தேர்ந்தெடுங்கள். இடக்காலில் ஊன்றி ஒன்று, வலக்காலில் ஊன்றி மற்றொன்று. கேமராவைத் திருப்பாமல் பக்கவாட்டில் மட்டும் நகர்த்துங்கள். மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர்த்துவது நல்ல கணக்கு: 2 மீட்டருக்கு 6.5 செ.மீ., 30 செ.மீ. தொலைவிலுள்ள பூவுக்கு 1 செ.மீ. காற்றடிக்கும்போது பூவை எடுக்காதீர்கள்.

கேள்வி: சிலையின் மூக்கு உள்ளே குழிந்து தெரிகிறதே?

பதில்: படங்கள் இடம் மாறியிருக்கின்றன. மாற்றி ஒட்டுங்கள்.

கேள்வி: சிறிது நேரத்திலேயே கண் வலிக்கிறது.

பதில்: ஒரு படம் மற்றதைவிடச் சற்று உயர்ந்திருக்கும். கண்கள் பக்கவாட்டில் எளிதாக இணங்கும். மேலும் கீழுமாகப் பிரிந்து பார்ப்பது அவற்றுக்குக் கடினம். அடியில் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் பொருத்துங்கள். படங்களின் மையங்கள் 6.5 செ.மீ.க்கு மேல் விலகவும் கூடாது.

கேள்வி: என் மகனுக்கு மட்டும் படம் தட்டையாகவே தெரிகிறது.

பதில்: குழந்தைகளின் கண்களுக்கிடையே தூரம் குறைவு. படங்களைச் சற்று நெருக்கி ஒட்டிப் பாருங்கள். அப்போதும் ஆழம் தெரியாவிட்டால், கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒரு கண்ணில் பார்வை குறைந்திருந்தால் சிறு வயதிலேயே கவனிப்பது நல்லது.