அப்பப்பாவின் கொப்பியும் ஒரு பக்க இணையத்தளமும்

அன்புள்ள அண்ணா,

நான் திருகோணமலைக்குப் பக்கத்தில் சல்லியில் இருந்து எழுதுகிறேன். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். என் அப்பப்பா கரைவலைத் தொழில் செய்தவர். காற்று, மீன், நீரோட்டம் பற்றி அவர் எழுதிவைத்த கொப்பி ஒன்று எங்களிடம் இருக்கிறது. அதைச் சிறிய இணையத்தளமாகப் போட ஆசை. ஹியூகோ, ஜெகில், இலெவென்டி என்று இணையத்தளம் கட்டும் கருவிகளை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நண்பர்களோடு ஒரு வட்ஸ்அப் குழு வைத்து நாற்பது லிங்க்குக்கு மேல் சேர்த்துவிட்டோம். ஆனால் ஒருவரும் இன்னும் ஒரு பக்கம்கூடப் போடவில்லை. எதில் தொடங்கலாம்? கையில் இருப்பது ஒரு பழைய லேப்டொப்பும் போன் டேட்டாவும்தான். (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் அந்தக் கொப்பிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கு நம்மிடம் பெயர்கள் இருந்தன. இன்று டவுனில் வளரும் பிள்ளைகளிடம் கேட்டால் இரண்டு சொல்வதே கஷ்டம். கரைவலைக்காரர் ஒருவர் அதையெல்லாம் தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம்! மூன்று மாதம் தள்ளிப்போனதுதான் எனக்குக் கவலை.

அதனால் இப்போதைக்கு ஒரு கருவியும் வேண்டாம். நோட்பேடைத் திறந்து, இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்.டி.எம்.எல்.இல் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு தலைப்பு, நாலு காற்றுக்கு நாலு பத்தி, கீழே அப்பப்பாவின் பெயரும் ஊரும். சேமித்து பிரவுசரில் திறந்தால் பக்கம் தயார். இதற்கு டேட்டாவே வேண்டாம். 1991இல் ஸேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட முதல் இணையத்தளமும் இப்படி வெறும் பக்கங்கள்தான். அதன் பழைய முகவரியிலேயே அதை மீட்டு வைத்திருக்கிறார்கள். இன்றைய போனிலும் திறக்கிறது.

ஆங்கிலப் பாடங்களில் அதிகம் சொல்லித்தராத, நமக்கென்றே வருகிற சிக்கல்கள் சில உண்டு. பக்கத்தின் தலைப்பகுதியில், எழுத்துகளைச் சேமிக்கும் முறை யூ.டி.எஃப்-8 என்று குறிக்கும் வரி இல்லாவிட்டால் தமிழ் முழுக்கக் கிறுக்கலாக வந்துவிடக்கூடும். பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரி இல்லாவிட்டால் போனில் எழுத்து எறும்பு மாதிரி சுருங்கிவிடும். பக்கத்தின் மொழி தமிழ் என்றும் குறியுங்கள். பார்வையற்றவர்களுக்கு வாசித்துக்காட்டும் செயலிகள் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலை எடுக்கின்றன. வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கொஞ்சம் கூட இடம் விடுங்கள், எழுத்தளவைப் போல 1.7 மடங்கு எனக்குச் சரியாக வருகிறது. நம் எழுத்துகளுக்கு மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் நெருக்கிப் போட்டால் கண் வலிக்கும்.

கொப்பியில் ஒரு பகுதியை யாராவது முன்பு அச்சகத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்தால் கவனம். அது யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருக்கும் வாய்ப்பு அதிகம். அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றியபின் ஒருமுறை கண்ணால் வாசித்துத் திருத்துங்கள். அப்புறம் கோப்புப் பெயர். 'கச்சான்' என்று தமிழில் வைத்தால் முகவரியை வட்ஸ்அப்பில் ஒட்டும்போது அது பெரும்பாலும் சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒரு முழம் நீண்டுவிடும். ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு பெயர் வையுங்கள்.

கொப்பியைப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படமெடுங்கள். மூலப் படங்களைத் தனியே பத்திரப்படுத்தி, தளத்தில் 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துப் போடுங்கள். யூ.டி.எஃப்-8இல் 'க' என்ற ஒரு எழுத்து 3 பைட், 'கோ' 6 பைட். அப்படியிருந்தும் எண்ணூறு சொல் கட்டுரை ஏறத்தாழ 20 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். போனில் எடுத்த 3 மெகாபைட் படம் ஒன்றின் இடத்தில் இப்படிப்பட்ட நூறு கட்டுரைகளுக்கு மேல் வைக்கலாம். ஆகவே கையெழுத்துப் படத்தோடு அதைத் தட்டச்சும் செய்யுங்கள். தேடுபவர்களின் கையில் சிக்குவது அந்த எழுத்துத்தான்.

எங்கே ஏற்றுவது? கிட்ஹப் பேஜஸ், நியோசிட்டீஸ் இரண்டிலும் காசில்லாமல் ஒரு ஜிகாபைட் வரை வைக்கலாம். உங்களுக்கு அதுவே தாராளம். ஆனால் இலவச இடத்தை நம்பி மூலத்தை அங்கேயே விட்டுவிடாதீர்கள். ஜியோசிட்டீஸ் என்ற இலவசச் சேவை 2009 ஒக்டோபரில் மூடப்பட்டபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் போயின. நானும் ஒரு இலவசச் சேவையில் பல வருடம் எழுதினேன். அதை மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு நான் பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. அதில் இருந்த அம்மாவின் சமையல் குறிப்புகளில் பாதி இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை. அதன் பிறகு எதை எழுதினாலும் லேப்டொப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று வைத்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன்.

பக்கங்கள் பத்து, பன்னிரண்டு ஆனதும் ஒரு தொல்லை வரும். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் உள்ள பட்டியலில் ஒரு சொல்லை மாற்ற எல்லாக் கோப்பையும் திறக்க வேண்டியிருக்கும். கை வலிக்கிற அந்த நாளில் கருவி தேடுங்கள். அப்போது அது எதற்காக என்று உங்களுக்கே தெரியும். நான் பயன்படுத்துவது ஹியூகோ. ஜெகிலுக்கு ரூபி, இலெவென்டிக்கு நோட் என்ற வேறு மென்பொருள்களை முதலில் நிறுவ வேண்டும், கூடவே பல பொதிகளை இறக்க வேண்டும். ஹியூகோ ஒரே ஒரு கோப்பு. ஒருமுறை இறக்கினால் பென்டிரைவில் கொண்டுபோகலாம், கரண்ட் போனாலும் லேப்டொப் பற்றரி இருக்கும்வரை வேலை செய்யலாம். ஒரு குறை, பதிப்பு மாறும்போது பழைய வார்ப்புருக்கள் உடைவதுண்டு. அதனால் தளத்தைக் கட்டிய அதே பதிப்பை அதே கோப்புறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

இனி உங்கள் குழு. லிங்க் பகிர்வதை ஒரு மாதம் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் தான் செய்த கோப்புறையைப் பகிரட்டும், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. உப்புவெளியில் ஓய்வுபெற்ற ஒரு ஐயா மழை அளவு குறித்துவருகிறார். அவருக்கு என் கோப்புறையைக் கொடுத்தேன். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரு அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டார். பாலையூற்றில் ரியூசன் கொடுக்கும் ஒரு தங்கச்சி, கன்ட்ரோலையும் யு-வையும் அழுத்தி அந்தப் பக்கத்தின் மூலத்தைப் பார்த்து, தன் கணக்குக் குறிப்புகளுக்கு எடுத்துக்கொண்டாள். போனில் அட்டவணை திரைக்கு வெளியே ஓடுவதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். அதைச் சரிசெய்த சி.எஸ்.எஸ். (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) வரியை எங்கள் இருவருக்கும் அனுப்பினாள். இப்போது என் தளத்திலும் அந்த வரி இருக்கிறது. நாற்பது லிங்க் தராததை அந்த ஒரு வரி எனக்குத் தந்தது.

இன்னொன்று, எங்கே தடுக்கி எப்படி எழும்பினீர்கள் என்பதை அன்றைக்கே தமிழில் எழுதிவையுங்கள். ஒரு மாதம் போனால் எது விளங்காமல் இருந்தது என்பதே மறந்துவிடும். எனக்கும் மறந்துவிட்டது. அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு என்னைவிட அந்தத் தங்கச்சி நன்றாக விளக்குகிறாள்.

கச்சானில் தொடங்குங்கள். கொப்பியில் வாசிக்க முடியாத சொல் வந்தால் ஊகித்து நிரப்ப வேண்டாம், கேள்விக்குறி போட்டு விடுங்கள். பக்கம் முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இன்னொன்றைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, உங்கள் கரையில் இப்போதும் வலை இழுக்கிற பெரியவர்களிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். அந்தக் கேள்விக்குறிகளில் சிலதை அவர்கள் தீர்த்துவைப்பார்கள்.

அன்புடன்,
அண்ணா