கடல்பாசி திரவம், சுருள்பாசி பொடி: எதுல என்ன இருக்கு, எங்க உதவும்?

கேள்வி: வாழையும் காய்கறியும் போட்டிருக்கேன், கூட நாலஞ்சு கறவை மாடு, கொஞ்சம் முட்டைக்கோழி. கடல்பாசி திரவம் அடிச்சா உரத்தை பாதியா குறைச்சுக்கலாம்னு சொல்றாங்க, சுருள்பாசி பொடி மாட்டுக்கும் கோழிக்கும் குடுக்கலாம்னும் சொல்றாங்க. அப்படி என்னதான் இருக்கு இந்த பாசியில? எங்க குட்டையிலயே பச்சையா படர்ந்து கெடக்கு, அதையே அள்ளி காயவச்சு தீவனத்துல கலக்கலாமா?

பதில்:

வணக்கம் ஐயா. கடைசியா கேட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் முதல்ல பதில் சொல்லணும், அது அவசரம். குட்டைப் பாசியை தீவனத்துல கலக்கவே கலக்காதீங்க, அது என்ன பாசின்னு தெரியற வரைக்கும் மாட்டை அந்த தண்ணி குடிக்கவும் விடாதீங்க. சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, நீலப்பச்சைப் பாசி வகை தான், ஆனா மைக்ரோசிஸ்டிஸ் மாதிரி விஷம் உண்டாக்கற பாசியும் அதே வகையில தான் வருது. மைக்ரோசிஸ்டின்ங்கற விஷம் நேரா கல்லீரலை கெடுக்கும், வேற சில பாசியோட விஷம் நரம்பைத் தாக்கும், அளவு அதிகமா உள்ள போனா மாடு சில மணி நேரத்துலயே தள்ளாடி விழுந்துடும். மைக்ரோசிஸ்டின் கொதிக்க வச்சாலும் போகாது, வெயில்ல காயவச்சு சரி பண்ணிடலாம்னும் நினைக்காதீங்க.

ஒரு நீளமான குச்சியை விட்டு தூக்கிப் பாருங்க. தலைமுடி மாதிரி இழை இழையா தொங்கினா அது பெரும்பாலும் சாதாரண பச்சை நூல்பாசி. பெயிண்ட்ல முக்கி எடுத்த மாதிரி குச்சி மேல பச்சையா பூசிக்கிட்டு வந்தா சந்தேகப்படணும். ஒரு கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் தண்ணி மொண்டு, கையில உறை போட்டுக்கிட்டு தான் மொள்ளணும், அசைக்காம ஒரு ராத்திரி வச்சீங்கன்னா பச்சை முழுக்க மேல வந்து படலமா நிக்குதா, அடியில படியுதான்னு தெரியும். மேல மிதந்தா நீலப்பச்சைப் பாசியா இருக்க வாய்ப்பு அதிகம், அந்தப் பாசிக்குள்ள சின்னச் சின்ன காத்துப் பைகள் இருக்கு, அதனால மிதக்குது. இது ரெண்டும் முதல்கட்ட பரிசோதனை தான், உறுதியா தெரிய மைக்ரோஸ்கோப்ல பாக்கணும். ஒண்ணு முக்கியம், பாசியை கொல்றேன்னு மயில்துத்தம் போட்டுட்டு உடனே மாட்டை விட்டுடாதீங்க, செல் உடைஞ்சு உள்ள இருந்த விஷம் மொத்தமும் தண்ணியில கலந்துடும், அப்போ தான் ஆபத்து இன்னும் கூடுது.

இப்போ கடல்பாசிக்கு வரேன். பாசின்னா ஒரே சரக்குன்னு நினைச்சுடாதீங்க. பழுப்பு, சிவப்பு, பச்சைன்னு மூணு பிரிவு, ஒவ்வொண்ணுலயும் இருக்கற பொருள் வேற, வேலை வேற. பழுப்புப் பாசியில அஸ்கோஃபில்லம், சர்காசம், எக்லோனியா எல்லாம் வரும், அதுல ஆல்ஜினேட், லாமினரின், ஃபுக்காய்டன்ங்கற மாவுப்பொருள் வகைகளும், மானிட்டால்ங்கற சர்க்கரை வகையும் இருக்கு. சிவப்புப் பாசியில கப்பாஃபைகஸ்லருந்து கேராஜீனன், ஜெலிடியம், கிராசிலேரியாவுலருந்து அகர், ரெண்டுமே ஜெல்லி கட்டற பொருள். நீங்க போட்டிருக்கறது திசு வளர்ப்பு வாழையா இருந்தா, அந்தக் கன்னு பிறந்ததே பெரும்பாலும் அகர் ஜெல்லி மேல தான். ஆய்வகத்துல கிருமி வளக்க முன்னாடி ஜெலட்டின் போடுவாங்க, சூடு ஏறினா அது உருகிடும், நுண்ணுயிர் விஞ்ஞானி ராபர்ட் காக் ஆய்வகத்துல இருந்த வால்டர் ஹெஸ்ஸேவோட மனைவி ஃபேனி ஹெஸ்ஸே தான் 1881 வாக்குல அதுக்கு பதிலா அகர் போடலாம்னு யோசனை சொன்னாங்க. அகர் உருக 85 டிகிரி பக்கம் வேணும், ஆனா ஆறி கெட்டியாகறது 40க்கு கீழ தான், அதனால இன்னிக்கு வரைக்கும் ஆய்வகங்கள்ல அதை பரவலா போடறாங்க.

சரி, உரத்தை பாதியா குறைக்கலாமா? குறைக்காதீங்க. கணக்கு போட்டுப் பாருங்க, லிட்டருக்கு 5 மில்லி வீதம் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணி அடிச்சா மொத்தம் போறது 1 லிட்டர் திரவம், அதுல 5 சதவீதம் சாம்பல்சத்து இருக்குன்னே வச்சுக்கிட்டாலும் 50 கிராம் பக்கம் தான், கிலோ கணக்குல சாம்பல்சத்து இழுக்கற வாழைக்கு அது எந்த மூலைக்கு? தழைச்சத்து மணிச்சத்து அதைவிடவும் கம்மி. அதனால இது உரம் இல்ல, வளர்ச்சி ஊக்கி. பாசியில ரொம்பச் சின்ன அளவுல சைட்டோகைனின், ஆக்சின் மாதிரி ஹார்மோன் இருக்கு, பீட்டைன், மானிட்டால் எல்லாம் வறட்சி, உப்புத் தண்ணி, சூடு இதையெல்லாம் செடி தாங்க உதவும், லாமினரின் வேற மாதிரி வேலை செய்யுது, பூஞ்சாண செல்சுவர்ல இருக்கற பொருளோட ஜாடை இதுல இருக்கறதால நோய் வந்துடுச்சுன்னு செடி உஷாராகி தன்னோட எதிர்ப்பை முன்கூட்டியே கிளப்பிவிடுது. ஐரோப்பாவுல லாமினரினை பயிர்ப் பாதுகாப்புப் பொருளாவே பதிவு பண்ணியிருக்காங்க. அதனால நோய் முத்தினப்புறம் அடிச்சா பிரயோஜனம் இல்ல, வர்றதுக்கு முன்னாடி அடிக்கணும். காய்கறியில நாத்து நடும்போது வேர் நனைக்கறது, வளர்ச்சி பருவத்துல ஒண்ணு, பூ எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, இவ்வளவு போதும். அளவு கூட்டினா பலன் கூடும்னு நினைக்காதீங்க, ஊக்கி அதிகமானா முளைப்பும் வளர்ச்சியும் அடங்கிப் போகும், லேபிள்ல போட்டிருக்கற அளவை தாண்டவே வேணாம்.

கால்சியம் நைட்ரேட்டோட சேர்த்து ஒரே டேங்க்ல ஊத்திடாதீங்க. ஆல்ஜினேட்டும் கால்சியமும் சந்திச்சா உடனே ஜெல்லி கட்டும், நாசில் அடைச்சு நடு வயல்ல நிக்க வேண்டியது தான். இதே குணத்தை வச்சு தான் சோடியம் ஆல்ஜினேட்ல ட்ரைக்கோடெர்மா, ரைசோபியம் மாதிரி பயிருக்கு நல்லது செய்யற நுண்ணுயிரைக் கலந்து, சொட்டு சொட்டா கால்சியம் குளோரைடு கரைசல்ல விட்டு உருண்டை மணி ஆக்கறாங்க, உள்ள இருக்கற நுண்ணுயிர் மண்ணுல மெதுவா வெளிய வரும். புண்ணுக்கு வைக்கற சில மருத்துவ டிரெஸ்ஸிங்கும் கால்சியம் ஆல்ஜினேட் தான். எந்த மருந்தோட கலக்கறதா இருந்தாலும் சின்ன பாட்டில்ல கலந்து அரை மணி நேரம் வச்சுப் பாத்துட்டு டேங்க்ல ஊத்துங்க. வாங்கும்போது எந்த பாசி, எத்தனை சதவீதம்னு லேபிள்ல இருக்கான்னு பாருங்க, வெறும் கடல்பாசி சாறுன்னு மட்டும் போட்டிருந்தா நான் வாங்கச் சொல்ல மாட்டேன். முதல் தடவை நாலு வரிசை அடிக்காம விட்டு வைங்க, பலன் உங்க வயல்ல இருக்கா இல்லையான்னு அந்த நாலு வரிசை சொல்லிடும்.

கோழிக்கு சுருள்பாசி உபயோகம் தான், ஒத்துக்கறேன். உலர்ந்த பொடியில 55லருந்து 70 சதவீதம் வரை புரதம், செல்சுவர் மெலிசு அதனால சுலபமா செரிக்கும் (குளோரெல்லாங்கற இன்னொரு பாசிக்கு சுவர் கெட்டி, உடைச்சு பதப்படுத்தினதா இருந்தா தான் முழு பலன்). மஞ்சள் கருவோட நிறத்தை கோழி தானா உண்டாக்காது, தீவனத்துலருந்து தான் வரணும், சுருள்பாசியில பீட்டா கரோட்டின், ஜியாசாந்தின்ங்கற நிறமிகள் இருக்கறதால கிலோ தீவனத்துக்கு 10 கிராம் கலந்தா ஒரு வாரம் பத்து நாள்ல கரு நல்லா சிவப்பேறும். ஆனா நிறம் ஏறிட்டதால ஒமேகா 3 முட்டை ஆயிடாது, டிஹெச்ஏங்கற ஒமேகா 3 கொழுப்பு வேணும்னா அதுக்கு ஸ்கைசோகைட்ரியம்னு வேற நுண்ணுயிரிலருந்து எடுத்த தீவனம் குடுக்கணும், சுருள்பாசியில டிஹெச்ஏ கிட்டத்தட்ட இல்லைன்னே சொல்லலாம். சால்மன் மீன், இறால் சிவப்புக்கு போடற அஸ்டாசாந்தின்ங்கற நிறமி இயற்கையா கிடைக்கறது ஹெமட்டோகாக்கஸ்ங்கற இன்னொரு பாசியில, அது பச்சையா வளந்து, வெயிலும் பட்டினியும் பட்டா தான் சிவப்பாகும்.

மாட்டுக்கு சுருள்பாசி புரதத்துக்குன்னு குடுக்கறது எனக்கு வீண் செலவா தான் படுது. அதுல பெரும்பங்கை இரைப்பையில இருக்கற நுண்ணுயிர் உடைச்சுடும், அந்த புரதம் புண்ணாக்குலயே வந்துடும். மாட்டு விஷயத்துல பெரிய கண்டுபிடிப்புன்னா அஸ்பராகாப்சிஸ்ங்கற சிவப்புப் பாசி. அதுல இருக்கற புரோமோஃபார்ம், இரைப்பையில மீத்தேன், அதாவது மாடு ஏப்பத்துல விடற, பூமியை சூடாக்கற வாயு, உண்டாகற கடைசி படியையே தடுக்குது, 2021ல வெளியான கலிஃபோர்னியா ஆராய்ச்சியில கறி மாட்டுக்கு குடுத்து அதிகபட்சமா 80 சதவீதத்துக்கு மேல மீத்தேன் குறைஞ்சது. ஆனா புரோமோஃபார்ம் சுலபமா ஆவியாகும், சரியா பதப்படுத்தாத பொடியில மிச்சம் இருக்காது, அதோட அயோடினும் அதிகம், கறவை மாட்டுல அது பால்ல ஏறும். நீங்களா வாங்கி குடுக்கற பொருள் இல்ல இது. கரை ஒதுங்கின கடல்பாசியையும் அப்படியே போடாதீங்க, உப்பும் ஆர்சனிக்கும் இருக்கும், சர்காசத்துல ஆர்சனிக் சாஸ்தியாவே சேரும்.

சுருள்பாசியை தொட்டி கட்டி நீங்களே வளக்கணும்னா தாராளமா செய்யலாம். ஆய்வகத்துலருந்து சுத்தமான தாய் வித்து வாங்கித்தான் ஆரம்பிக்கணும். தண்ணியில சோடா உப்பு போட்டு பி.ஹெச். 9க்கு மேல 10.5 வரைக்கும் வச்சுக்கணும், அந்த காரத்துல மத்த பாசி லேசுல தலையெடுக்காது, 9க்கு கீழ எறங்கினா கண்டது எல்லாம் உள்ள வந்துடும். சூடு 30லருந்து 35 டிகிரி, ஆழம் ஒரு அடிக்குள்ள, அடியில படியாம அப்பப்போ கலக்கி விடணும், மேல கூரை வேணும். நெருக்கமான துணியில வடிகட்டி, நல்ல தண்ணியில அலசி, 60 டிகிரிக்கு மேல போகாம காயவைங்க, நீல நிறம் தர்ற ஃபைகோசயனின் அதிக சூடு தாங்காது. வாரம் ஒரு தடவை ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாருங்க, ஸ்பிரிங் மாதிரி சுருள் சுருளா இல்லாம உருண்டை உருண்டையா எதாச்சும் கூட்டமா தெரிஞ்சா அந்த தொட்டியை கொட்டிட்டு கழுவி புது வித்து போடுங்க, கோழிக்கு அதை குடுக்காதீங்க.