‘ஸ்பேர் வரலை சார்’: ஆறு வாரமாக ஷோரூமில் நிற்கும் பைக்கை மீட்பது எப்படி?

கேள்வி: திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். 2022-ல் வாங்கிய 160 சிசி பைக். எலி வயரைக் கடித்துவிட்டதால் ஸ்டார்ட் ஆகவில்லை. வாங்கிய ஷோரூமிலேயே விட்டு ஆறு வாரம் ஆகிறது. வயரிங் செட்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி முன்பணமும் வாங்கிக்கொண்டார்கள். கேட்டால் ‘ஸ்பேர் வரலை சார், அடுத்த வாரம் பாருங்க’ என்பதே பதில். பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். என்ன செய்வது?

பதில்: உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் கவுன்டரில் இருக்கும் சர்வீஸ் அட்வைசரிடம் சத்தம் போட்டால் அடுத்த வாரம் என்ற அதே பதில்தான் திரும்ப வரும். ‘வண்டி எப்போ ரெடியாகும்?’ என்று இனி கேட்காதீர்கள். மூன்று விவரங்களை மட்டும் கேளுங்கள்: பார்ட் நம்பர் என்ன, எந்தத் தேதியில் ஆர்டர் போட்டீர்கள், ஆர்டர் நம்பர் என்ன. மூன்றையும் உங்கள் ஜாப் கார்டிலோ (வண்டி விட்டபோது தந்த வேலைச் சீட்டு) வாட்ஸ்அப்பிலோ எழுத்தாகத் தரச் சொல்லுங்கள். வரவில்லை என்று சொல்லப்படும் ஸ்பேர் சில இடங்களில் ஆர்டரே போடப்படாமல் கிடப்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், ஆயில் ஃபில்டர் மாதிரி தினமும் ஓடும் சாமான்களைத்தான் டீலர் ஸ்டாக் வைப்பார். வயரிங் செட் எப்போதாவது ஒன்று விற்கும்; அதை வாங்கி வைத்துப் பணத்தை முடக்க யாரும் விரும்புவதில்லை. தேவைப்படும்போது கம்பெனி டிப்போவுக்கு, அதாவது ஸ்பேர் கிடங்குக்கு, ஆர்டர் போடுவார்கள். அதில் இரண்டு வகை உண்டு. மற்ற சாமான்களோடு சேர்த்து மொத்தமாகப் போடுவது ஒன்று. வண்டி ஓடாமல் நிற்கிறது என்று குறிப்பிட்டு அவசரமாகப் போடுவது இன்னொன்று. பின்னதில் டீலருக்குச் செலவு கூடும் என்பதால் சிலர் முதல் வழியிலேயே போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். உங்கள் ஆர்டர் எந்த வகை என்று கேளுங்கள். அவசர ஆர்டராக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள்.

சேஸிஸ் நம்பரை (வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்) வைத்துத்தான் பார்ட் நம்பர் எடுத்தார்களா என்பதையும் கட்டாயம் பாருங்கள். ஒரே மாடல் பெயரில் வந்தாலும் வருஷத்துக்கு வருஷம் வயரிங் மாறும். 2023 ஏப்ரலில் மாசு விதிகளின் அடுத்த கட்டம் வந்தபோது பல மாடல்களில் சென்சார்களும் கனெக்டர்களும் மாறின. மாடல் பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டால் வரும் செட் உங்கள் வண்டியில் பொருந்தாது. திருப்பி அனுப்பி மறுபடி வரவழைக்க இன்னும் சில வாரங்கள் போய்விடும்.

பார்ட் நம்பர் கைக்கு வந்ததும் மதுரை, திருச்சி, கோவையில் இருக்கும் அதே கம்பெனி டீலர்களின் ஸ்பேர்ஸ் கவுன்டருக்குப் போன் செய்து ஸ்டாக் இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னையில் தெரிந்தவர் இருந்தால் ஜி.பி. ரோடு வண்டி ஸ்பேர் கடைகளிலும் விசாரிக்கச் சொல்லலாம். கிடைத்தால் பில்லோடு வாங்குங்கள். நீங்கள் கொண்டுவரும் ஒரிஜினல் ஸ்பேரை மாட்டித் தருவார்களா, கட்டிய முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எலி கடித்த எல்லா வண்டிக்கும் முழு செட் மாற்ற வேண்டியதில்லை. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் கடித்திருந்தால், நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் அதே தடிமன் வயரைச் சேர்த்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டுச் சரிசெய்துவிடுவார். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றித் தருபவரிடம் கொடுக்காதீர்கள். மழையில் மறுபடி நின்றுவிடும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சார் வயர் கடிபட்டிருந்தால் மட்டும் ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. ஆகவே எங்கெங்கே கடித்திருக்கிறது என்று காட்டச் சொல்லிப் போட்டோ எடுங்கள். வாரண்டி இன்னும் மிச்சம் இருந்தால், வெளியே வேலை பார்த்தால் எலக்ட்ரிக்கல் பகுதிக்கு வாரண்டி மறுக்கப்படலாம் என்பதையும் யோசித்து முடிவெடுங்கள். எலிக்கடி பொதுவாக வாரண்டியில் வராது.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் டீலரோடு நிற்காதீர்கள். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு, ஜாப் கார்டு நம்பர், வண்டி விட்ட தேதி, முன்பண ரசீது மூன்றையும் வைத்து மெயில் அனுப்புங்கள். உங்கள் பகுதி சர்வீஸ் மேனேஜரின் பார்வைக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே புகார் சொல்லலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பணம் வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்ட வேலையைக் காரணமில்லாமல் இழுத்தடிப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று வாதிட இடம் உண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் போடக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மீது ஒருவர் பழியைப் போட்டு நழுவுவார்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. போடுவதற்கு முன் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். பல விவகாரங்கள் அந்தக் கடிதத்திலேயே முடிந்துவிடுகின்றன.

வண்டி தயாராகிவிட்டது என்று கூப்பிட்டால் பழைய வயரிங் செட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். பில்லில் இருக்கும் பார்ட் நம்பரும் உங்களுக்கு எழுதித் தந்ததும் ஒன்றா என்று ஒத்துப்பாருங்கள். லைட், இண்டிகேட்டர், ஹாரன், செல்ஃப் ஸ்டார்ட் எல்லாம் போட்டுப் பார்த்து, ஒரு சுற்று ஓட்டி, ஏபிஎஸ் விளக்கு அணைகிறதா என்று கவனித்த பிறகே திருப்தி என்று கையெழுத்துப் போடுங்கள்.